புரட்டாசி முதல் தை வரை: நம்ம தெரு நாய்களுக்கு என்ன ஆகிறது?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் உள்கடன், வங்கி இணைப்பு, தணிக்கை என்று எழுதுவேன். இந்த மாதம் நாயைப் பற்றி எழுதுகிறேன். "மேடத்துக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று சிரிக்க வேண்டாம். ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தா வாங்கி முடித்து, தவணை வரவு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்காவின் மடியில் அவருடைய ஆறு வயது மகன் படுத்திருந்தான். அவன் கெண்டைக்காலில் பழைய சேலைத் துணியால் ஒரு கட்டு. "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம். திண்ணைக்கு அடியில நாய் குட்டி போட்டிருக்கு. குட்டிய தூக்கப் போயிருக்கான், தாய் நாய் லேசா பல்லு பதிச்சிருச்சு. காப்பித்தூள் வச்சுக் கட்டியிருக்கேன், ஆறிடும்" என்றார். எத்தனை நாள் ஆச்சு என்றேன். நாலு நாள். ஊசி? போடவில்லை. "நம்ம தெரு நாய்தானே, நான் சோறு வைக்கிற நாய்தான், அதுக்கு வெறியெல்லாம் இல்ல" என்று பக்கத்தில் இருந்த அக்காக்களும் சேர்ந்து சொன்னார்கள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது ஒரு கேள்விதான். சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளையை, வருஷம் முழுவதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாய், அந்த மாதத்தில் மட்டும் ஏன் கடித்தது?

நாய்க்கும் ஒரு பருவம் உண்டு. நமக்கு நடவு, களை, அறுப்பு என்று இருப்பதுபோல அதற்கும் மாதக் கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் பாதிக் கடியைத் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம்.

குளிர் நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்பார்கள். பகல் பொழுது வேகமாகக் குறையும். அந்த ஊர் நாய்கள் கோடை முடியை உதிர்த்து அடர்த்தியான முடி வளர்க்கும். நம் ஊரில் அவ்வளவு மாற்றம் கிடையாது. ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சென்னைப் பக்கம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் வெயில் தணிந்து, வடகிழக்குப் பருவமழை இறங்கி, ராத்திரி குளிர ஆரம்பிக்கும்போது நம் நாட்டு நாய்களுக்குப் பெரிய மாற்றம் ஒன்று வருகிறது. அதுதான் இணை சேரும் காலம்.

வீட்டில் கட்டிப்போட்டு வளர்க்கும் சாதி நாய்களில் பெண் நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எந்த மாதத்தில் வேண்டுமானாலும் பருவத்துக்கு வரும். தெருவில் வாழும் நாட்டு நாய்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தை ஒட்டித்தான் இணை சேரும். புரட்டாசியில் ஆரம்பித்து மார்கழி வரை போகும். யாராவது வெட்டியாகச் சுற்றினால் "மார்கழி மாசத்து நாய் மாதிரி அலையுறான்" என்று நம் பாட்டிமார்கள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. தெருவைப் பார்த்துச் சொன்னார்கள்.

பெண் நாய் பருவத்துக்கு வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் அப்படி இருக்கும். முதல் ஒன்பது, பத்து நாள் ரத்தம் கலந்த கசிவு இருக்கும், ஆண் நாயை அண்ட விடாது, சீறும். அடுத்த ஒரு வாரம், பத்து நாள்தான் சேர விடும். அதன் மூத்திரத்தில் வரும் வாசனை காற்றில் ரொம்ப தூரம் போகும். அதனால்தான் இந்த மாதங்களில் உங்கள் தெருவில் முன்பின் பார்க்காத நாய்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. பக்கத்து ஊர் நாய், மேலத்தெரு நாய், ரோட்டுக்கடை நாய் எல்லாம் ஒரு பெண் நாயின் பின்னால் எட்டு, பத்தாகத் திரியும். சரியாகத் தின்னாது, தூங்காது. ஒன்றோடு ஒன்று சண்டை போடும். ஒன்றைப் பார்த்து ஒன்று வெறுப்பேறி இருக்கும் நேரத்தில் நடுவில் யார் போனாலும் கடி விழும். அந்த நாய்க்கு உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் குறுக்கே போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

எனக்கே அனுபவம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசியில் ஒரு கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து ராத்திரி எட்டரை மணிக்கு ஸ்கூட்டியில் வந்தேன். சாவடி திருப்பத்தில் ஏழெட்டு நாய். விரட்ட ஆரம்பித்தன. பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். விரட்டுகிற நாய்க்கு அதுதான் பிடிக்கும். சேற்றில் சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது, குழுவின் ரசீது புத்தகம் எல்லாம் தண்ணீரில் நனைந்தது. நான் விழுந்ததும் நாய்கள் நின்றுவிட்டன, சும்மா பார்த்துவிட்டுப் போய்விட்டன! ஓடினால்தான் விரட்டும். இப்போதெல்லாம் நாய் கூட்டமாக வந்தால் வண்டியை மெதுவாக்கி, தேவைப்பட்டால் நிறுத்திவிடுகிறேன். நடந்து போகும்போது என்றால் ஓடாதீர்கள், கையை வீசாதீர்கள், அதன் கண்ணை நேருக்கு நேர் முறைக்காதீர்கள். கையை உடம்போடு ஒட்டி வைத்து, பக்கவாட்டாகத் திரும்பி, மெல்ல விலகுங்கள். பிள்ளைகளுக்கு "மரம் மாதிரி நில்லு" என்று சொல்லிக் கொடுங்கள். கீழே விழுந்துவிட்டால் "கல்லு மாதிரி சுருண்டு படு, கையால காதையும் கழுத்தையும் மூடிக்கோ" என்று சொல்லிக் கொடுங்கள். அங்கன்வாடியில் விளையாட்டு போலவே பழக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இரண்டு நாய்கள் சேர்ந்து மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கல்லெறிவார்கள், பெரியவர்களே கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். அது அவற்றின் உடல் அமைப்பு. பதினைந்து நிமிஷம், சில சமயம் அரை மணி நேரம் வரை பிரிய முடியாது. அந்த நேரத்தில் அடித்தால் வலியில் கடிக்கும், காயமும் படும். பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வதே நல்லது.

ஐப்பசியில் தீபாவளி வேறு வந்துவிடுகிறது. நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தம்கூட நாய்க்குக் கேட்கும். பக்கத்தில் வெடிக்கும் வெடி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நடுங்கும், எச்சில் ஒழுகும், கட்டில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சில நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்தே போகும். ஒளிந்திருக்கும் நாயை இழுக்கப் போனால் வளர்த்தவரையே கடிக்கும். வாலில் சரவெடி கட்டுகிற விளையாட்டை உங்கள் வீட்டுப் பையன் செய்தால் காதைத் திருகுங்கள். வளர்ப்பு நாய் இருந்தால் அந்த இரண்டு நாளும் உள்ளறையில் விட்டு, ஒரு சாக்கு போட்டு, டி.வி. சத்தம் வைத்துவிடுங்கள்.

அடைமழை பிடித்தால் நாய் இடம் தேடும். அடுப்புச் சாம்பல், வைக்கோல் போர், கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, நிறுத்தி வைத்த டிராக்டருக்கு அடி, எங்கே நனையாதோ அங்கே சுருண்டுவிடும். ராத்திரி இருட்டில் தெரியாமல் மிதித்துவிட்டு கடி வாங்கியவர்கள் நம் குழுக்களிலேயே உண்டு. மழைக்காலத்தில் கொல்லைப்புறம் போகும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள். அது பாம்புக்கும் ஆகும்.

ஈரத்தில் உண்ணியும் சொறியும் கூடும். சிலர் வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாய் நக்கியே செத்துப்போகும், ஊற்றுகிற உங்கள் கைக்கும் ஆபத்து. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் உண்ணிக்கென்று தனி மருந்து தருவார்கள். அதுபோல எலி, நாய் ஆகியவற்றின் மூத்திரம் தேங்கிய தண்ணீரில் கலந்து எலிக்காய்ச்சல் வரும். சேற்றுப்புண்ணோடு நடவுக்கு இறங்குகிறவர்கள் காய்ச்சலும் கடுமையான தசை வலியும் வந்தால் "வேலை அசதி" என்று விட்டுவிடாமல் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், வயலில் இறங்கி வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாயின் கர்ப்பம் சுமார் 63 நாள், அதாவது இரண்டு மாதம். ஐப்பசியில் சேர்ந்த நாய் மார்கழியில் ஈனும். கார்த்திகையில் சேர்ந்தது தை மாதத்தில் ஈனும். பொங்கலுக்குத் தெருவெல்லாம் குட்டி இருப்பது இதனால்தான். பிறந்து பத்து, பதினான்கு நாளில் குட்டி கண் திறக்கும். மூன்று, நான்கு வாரத்தில் வெளியே தத்தித் தத்தி வரும். பார்க்க அழகாக இருக்கும். பொங்கல் லீவில் இருக்கும் பிள்ளைகள் தூக்கப் போவார்கள். குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும் வரை தாய் நாய் யாரையும் நம்பாது. சோறு வைக்கும் கை என்றும் பார்க்காது. பச்சை உடம்புக்காரிக்குப் பிள்ளைமேல் எப்படி ஒரு படபடப்பு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரத்தில் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து வந்தவர்கள் பல வருஷம் ஆஸ்பத்திரி நாய்க்கடிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இணை சேரும் காலம் முடிந்து, குட்டிகள் இருக்கும் மாதங்களில் கடி கூடியது. கருத்தடை செய்த நாய்கள் கூடக் கூட, ஊரில் கடி குறைந்தது. குட்டி இல்லை என்றால் காவல் காக்கும் கோபமும் இல்லை.

இதில் நாமே செய்துகொள்ளும் வினை ஒன்று உண்டு. குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுப் பக்கம் விட்டுவிட்டு வருவது. மேற்கு வங்கத்தில் தெரு நாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஐந்தில் ஒரு குட்டிதான் பெரிசாகும் வரை தப்பித்தது. செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதரால் செத்தவை, அடித்தோ, வண்டி ஏற்றியோ, தூக்கிப் போட்டோ. குட்டியை இழந்த தாய் நாய் நாள்கணக்கில் தேடி அலையும், மனிதரைக் கண்டாலே சீறும். தூக்கிப் போட்டவர் யாரோ, கடி வாங்குவது வேறு யாரோ. அடுத்த புரட்டாசியில் அது மறுபடியும் இணை சேரப்போகிறது, எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை.

இப்போது வெறிநோய். "வெயில் காலத்துலதான் நாய்க்கு வெறி புடிக்கும்" என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். தவறு. வெயிலால் வெறி வருவதில்லை. அது ஒரு கிருமி, வெறிநாயின் எச்சிலில் இருக்கும், கடி வழியாகப் பரவும். வருஷம் முழுவதும் வரும். சொல்லப்போனால், நாய்கள் ஊர் விட்டு ஊர் வந்து ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும் இந்த மழைக்காலச் சண்டைதான் கிருமி பரவ நல்ல வழி. கடிபட்ட நாய்க்கு உடனே தெரியாது. சில வாரமோ, சில மாதமோ கழித்துத்தான் நோய் வெளியே வரும்.

வெறிநாய் என்றால் வாயில் நுரை தள்ளி ஓடிவரும் என்றே நினைக்கிறோம். அப்படியும் வரும். குரல் மாறி ஊளையிடும், கல், குச்சி, மண் எதையும் கடிக்கும், காரணமில்லாமல் பாய்ந்து வரும். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. சத்தமே போடாமல் இருட்டு மூலையில் படுத்திருக்கும். தாடை தொங்கும், விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும். "தொண்டையில எலும்பு மாட்டிருக்கு போல" என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிட்டு எடுக்கப் போனவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. கைக் கீறலில் எச்சில் பட்டாலும் ஊசி போட வேண்டும்.

இந்த நோய் மனிதருக்கு அறிகுறி காட்டிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. எத்தனை லட்சம் செலவு செய்தாலும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் நம் நாட்டில் வருஷத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் இதில் இறக்கிறார்கள், அதிலும் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் நோய் வருமுன் தடுப்பதற்கோ முழுமையான வழி இருக்கிறது, அதுவும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாக இருக்கிறது. இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு சுலபமான தடுப்பு இருந்தும் ஜனங்கள் சாகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கடித்த உடனே செய்ய வேண்டியதை நோட்டில் எழுதி வையுங்கள். குழாயையோ செம்புத் தண்ணீரையோ ஓடவிட்டு, சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது ரொம்ப நேரம், கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். துணி துவைக்கும் சோப்பு ஆனாலும் சரி. கிருமியின் மேல் ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. அவை புண்ணை எரித்துக் கிருமியை உள்ளே தள்ளும். இறுக்கிக் கட்டும் போடக் கூடாது. மந்திரிப்பது, வேர் கட்டுவது, பச்சிலை குடிப்பது எதுவும் இந்தக் கிருமியைத் தடுக்காது. மனத்திருப்திக்கு மந்திரிக்கணும் என்றால் ஊசி போட்டு வந்த பிறகு போங்கள், நான் தடுக்கவில்லை.

பிறகு ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னும் பயப்படுகிறார்கள், அதனாலேயே கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2005க்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் நான்கு தடவை போக வேண்டும்: முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்துக்கொண்டு 3, 7, 28ம் நாட்கள். இந்தக் கணக்கில்தான் நம்ம ஆட்கள் குழம்புகிறார்கள். முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அடுத்தது வியாழன், மூன்றாவது அடுத்த திங்கள், நான்காவது முதல் திங்களிலிருந்து சரியாக நாலு வாரம் கழித்து வரும் திங்கள். தசையில் போடும் இடத்தில் 14ம் நாளும் ஒன்று சேர்ந்து ஐந்து ஊசி. ரத்தம் வந்த கடியாக இருந்தால், முகம், கழுத்து, விரல் என்று இருந்தால், காயத்தைச் சுற்றியே போடும் இன்னொரு மருந்து உண்டு, சீரம் என்று சொல்வார்கள். சின்ன சுகாதார நிலையத்தில் இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். "ஊசிதான் போட்டாச்சே" என்று அதை விட்டுவிடாதீர்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் அதைப் போட்டாக வேண்டும், அன்றே போட்டால் ரொம்ப நல்லது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த ஊசியைத் தாராளமாகப் போடலாம். நாள் கடந்துவிட்டது என்று போகாமல் இருக்கவும் கூடாது. எப்போது நினைவு வந்தாலும் போய்ப் போடுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். பத்து நாள் அதைக் கவனித்தால் தகவல் கிடைக்கும். கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நோய் தெரிந்துவிடும் அல்லது செத்துவிடும். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது, ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனிக்க வேண்டும். சின்னக் குட்டி கடித்தாலும் நகம் பட்டுக் கீறினாலும் இதேதான். குட்டிக்கும் தாயிடமிருந்தும் மற்ற நாயிடமிருந்தும் வெறிநோய் வரும்.

ஆட்டுக் கடன் வாங்கியிருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. நாய்கள் கூட்டமாகத் திரியும் இந்த மாதங்களில் ராத்திரி பட்டிக்குள் புகுந்து குட்டிகளைக் குதறுகின்றன. பட்டிப் படலின் அடிப்பக்கம் இடைவெளி இருக்கிறதா என்று மழை ஆரம்பிக்கும் முன்பே பாருங்கள், மண் இளகினால் நாய் தோண்டிவிடும். செத்த கோழி, ஆட்டுக் குடல், நஞ்சுக்கொடியை வெளியே எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். கடிபட்ட ஆடு, மாட்டுக்கும் புண்ணைச் சோப்பால் கழுவி, கையில் உறை மாட்டிக்கொண்டு, அன்றே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அவற்றுக்கும் கடித்த பிறகு போடும் தடுப்பூசி இருக்கிறது. தெரு நாய் கடித்துச் செத்த கால்நடைகளுக்கு 2025ல் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. எனவே ஆடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்க்க வைத்து எழுத்தில் வாங்குங்கள்.

நாய் வளர்ப்பவர்கள் குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒரு ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம் ஒன்று போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தடுப்பு நாள். அதையொட்டிப் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும், புரட்டாசியில்தான் வருகிறது. ஊரில் பத்து நாய் இருந்தால் ஏழு நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழுதான், பத்தும் வேண்டாம். தெரு நாய்க்கு யார் போடுவது என்று கேட்பீர்கள். 2023ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு நாயைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போகும் ஊர்களில் இதுவரை பார்க்கவில்லை. கேட்காமல் வராது. அக்டோபர் 2ம் தேதி கிராம சபை, நவம்பர் 1ம் தேதி இன்னொரு கிராம சபை, இரண்டும் இந்தப் பருவத்திலேயே இருக்கின்றன. ரோடு, தண்ணீர், விளக்கு மனுவோடு இதையும் எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, ஊக்குநர் அக்காவும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். முதலில் போன இடத்தில் "இன்னைக்கு மருந்து தீர்ந்துருச்சு, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்கள். அவன் அம்மா திரும்பிப் போகத் தயாராகிவிட்டார். நாங்கள் விடவில்லை, பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் கட்டைப் பிரித்து, காப்பித்தூளை எல்லாம் கழுவி எடுக்கும்போது அவன் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. ஊசியும் போட்டார்கள், காயத்தில் சீரமும் போட்டார்கள். பஸ் செலவுக்கும் அன்றைய கூலிக்கும் குழுவில் இருந்து அவசரக் கடனாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம்.

மூன்றாம் நாள், ஏழாம் நாள் எல்லாம் சரியாகப் போய்விட்டது. புண் ஆறிவிட்டது, தாய் நாயும் நன்றாகத்தான் இருந்தது. 28ம் நாள் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. "நாய் சாகல, புண்ணு ஆறிப்போச்சு, ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போகணுமா?" என்று அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. வீட்டில் நாலு வயிறு. நான் விளக்கிச் சொன்னதைவிட அவர் குழுவில் ஒரு அக்கா சொன்னதுதான் எடுபட்டது. "நீ அறுப்புக்குப் போ, நான் இன்னைக்கு வேலைக்குப் போகல, பையன நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர். கூட்டிப் போய் நான்காவது ஊசியைப் போட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். யாரை நாய் கடித்தது, முதல் ஊசி எந்தத் தேதி, அடுத்தது எப்போது, கூட யார் போவது. இந்த எட்டு மாதத்தில் மூன்று பேர் பெயர் ஏறியிருக்கிறது, மூவருக்கும் நாலு ஊசியும் முடிந்துவிட்டது. உங்கள் குழுவிலும் போட்டுக்கொள்ளலாம், ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணைக்கு அடியில் இருந்த சந்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார் அக்கா. மழைக்கு முன்னாடியே அடைச்சாத்தான் அது வேற இடம் பாக்கும், குட்டி போட்ட பிறகு அடைக்க முடியாது என்றார். பையன் தள்ளி நின்றே அந்த நாய்க்குச் சோறு வைத்தான். வாலை ஆட்டிக்கொண்டு வந்து தின்றது. தெருக் கோடியில் புதிதாக மூன்று ஆண் நாய்கள் படுத்திருந்தன. கிராம சபை மனுவில் கையெழுத்து வாங்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை நாற்பத்தியிரண்டு பேர் போட்டிருக்கிறார்கள்.